பிராக் நகரில் பிள்ளைக்குச் செல்லோ: ஸூஷ் விண்ணப்பம் முதல் கன்சர்வேட்டரி வரை

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு பிராக் வந்திருக்கிறீர்கள், பிள்ளைக்குச் செல்லோ கற்றுக்கொடுக்க ஆசை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எங்கள் மகளைச் சேர்ப்பதற்குள் நாங்கள் நன்றாகவே அலைந்துவிட்டோம். எல்லாத் தகவலும் செக் மொழியில் இருந்தது. எதை, யாரிடம், எந்த மாதம் கேட்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அந்த அலைச்சல் இன்னொரு வீட்டுக்கு வேண்டாம்.

செக் நாட்டுச் செல்லோக் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வளர்கிறார்கள். சிறு வயதில் ஸூஷ் என்ற அடிப்படைக் கலைப் பள்ளி, பதினைந்து வயதையொட்டி கன்சர்வேட்டரி என்ற இசைப் பள்ளி, அதன் பிறகு கலை அகாதெமி, அப்புறம் இசைக்குழுவோ நால்வர் குழுவோ ஆசிரியர் பணியோ. இந்தப் பாதை வெளிநாட்டுப் பிள்ளைக்கும் திறந்தே இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் தேதிகளைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அதனால் தேதியிலிருந்தே தொடங்குகிறேன்.

1. மே மாதத்தைத் தவறவிடாதீர்கள்

ஸூஷ் பள்ளிகள் நாடு முழுவதும் ஏறக்குறைய 500 இருக்கின்றன. பிராக்கில் அநேகமாக எல்லாப் பகுதியிலும் ஒன்று உண்டு. பிள்ளைகள் சாதாரணப் பள்ளி முடிந்த பிறகு மதியமோ மாலையோ இங்கே வருவார்கள். கல்வியாண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்கும். ஆனால் சேர்க்கைத் தேர்வு மே, ஜூன் மாதங்களிலேயே முடிந்துவிடும். பெரும்பாலான பள்ளிகள் இணையத்தில்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. ஐ-ஸூஷ் என்ற தளத்தைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. விண்ணப்பத்துக்குச் செக் மொழியில் ப்ஷிஹ்லாஷ்கா என்று பெயர். பள்ளித் தளத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் சரியான பக்கம் வந்துவிடும்.

நம்மில் பலர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஆகஸ்ட் கடைசியில் வந்து விசாரிப்போம். அதற்குள் இடங்கள் நிரம்பியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி அலுவலகத்தில் ஆளே இருக்க மாட்டார்கள், மின்னஞ்சலுக்குப் பதிலும் வராது. ஆகஸ்டில்தான் பிராக் வந்து இறங்குகிறீர்கள் என்றாலும் மனம் விட வேண்டாம். செப்டம்பர் முதல் நாட்களில் நேரிலேயே போய்க் கேளுங்கள். சேர்ந்த பிள்ளைகளில் சிலர் வராமல் போவது உண்டு. பியானோவுக்கும் கிட்டாருக்கும் காத்திருப்போர் வரிசை நீளம். செல்லோவுக்கு அவ்வளவு போட்டி இருக்காது.

வயது விஷயம். ஐந்து வயதிலிருந்து ஆயத்த வகுப்பில் சேர்க்கலாம். முதல் நிலை ஏழு வயதில் தொடங்கி 7 ஆண்டு. இரண்டாம் நிலை பதினான்கு வயதிலிருந்து 4 ஆண்டு. பத்து வயதில் வந்தால் சேர்க்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயதையும் திறமையையும் பார்த்துப் பொருத்தமான வகுப்பில் வைப்பார்கள்.

2. ஆசிரியர் யார் என்று விசாரியுங்கள்

எந்த ஸூஷ் நல்ல ஸூஷ் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பள்ளியில் செல்லோவுக்கு யார் இருக்கிறார் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி. வாரம் ஒரு முறை உங்கள் பிள்ளை அந்த ஒருவரோடு ஓர் அறையில் உட்காரப்போகிறது. சரியாக அமைந்தால் பத்துப் பதினோரு வருடம் அவரோடுதான்.

இங்கே ஆசிரியர்–மாணவர் உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று போதும். 20-ஆம் நூற்றாண்டின் பெரிய செக் செல்லோக் கலைஞர்களில் ஒருவரான மிலோஷ் ஸாத்லோ (1912–2003) பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் ஸாத்வர்ஸ்கி. தன் ஆசிரியர் கரெல் ப்ரவோஸ்லவ் ஸாத்லோவின் பெயரைத்தான் அவர் தன் பெயராக ஏற்றுக்கொண்டார். நூலகத் தாள்களுக்கிடையே கிடந்து 1961-இல் பிராக்கில் கண்டெடுக்கப்பட்ட இசையமைப்பாளர் ஹைடனின் சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோவை (செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), 1962-இல் முதலில் மேடையேற்றியவர் இந்த மிலோஷ் ஸாத்லோதான்.

சரி, ஆசிரியரை எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளித் தளத்தில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். பலர் இசைக்குழுக்களிலும் வாசிப்பவர்கள். மாணவர் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம், யாரும் போய் உட்காரலாம். அங்கே அந்த ஆசிரியரின் சின்னப் பிள்ளைகளைக் கவனியுங்கள். தோள் இறுகாமல் உட்கார்ந்திருக்கிறார்களா, தப்பு வந்தாலும் பதறாமல் வாசித்து முடிக்கிறார்களா என்று பாருங்கள். எங்களுக்கு இந்த ஒரு மாலை, இணைய மதிப்பீடுகள் எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது.

மொழி பற்றியும் கேட்டுவிடுங்கள். இளம் ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் சமாளிப்பார்கள். மூத்தவர்களில் பலருக்கு ஆங்கிலம் வராது. அதை வைத்து அவர்களை விலக்க வேண்டாம். செல்லோ பாடத்தில் பாதி, கையைப் பிடித்துக் காட்டுவதுதான். முதல் மின்னஞ்சலை மட்டும் செக் மொழியில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும். ஆசிரியையாக இருந்தால் "பானீ உச்சிடெல்கோ", ஆணாக இருந்தால் "பனே உச்சிடெலி" என்று விளியுங்கள். பெயர் சொல்லி அழைப்பது இங்கே மரியாதையாகாது.

3. என்னென்ன தாள்கள்

இது எளிது. விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி, படிக்கும் பள்ளி, பெற்றோரின் தொலைபேசி, மின்னஞ்சல் கேட்பார்கள். அதோடு ரொட்னே சீஸ்லோ என்ற பிறப்பு எண்ணும் கேட்பார்கள்.

புதிதாக வந்தவர்கள் சிக்குவது இரண்டு இடத்தில். முதலாவது இந்தப் பிறப்பு எண். உங்கள் பிள்ளைக்கு அது இன்னும் கிடைத்திருக்காவிட்டால் இணையப் படிவம் முன்னே நகராது. சும்மா ஓர் எண்ணைப் போட்டு நிரப்ப வேண்டாம். அலுவலகத்துக்கு எழுதினால் பிறந்த தேதியை வைத்துக் கையால் பதிந்துகொள்வார்கள். இரண்டாவது வசிப்பு உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த பிள்ளை ஸூஷில் சேர, 90 நாளுக்கு மேல் தங்கும் உரிமை இருக்க வேண்டும். குறுகிய கால விசாவில் வந்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட், வசிப்பு அட்டை இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும். ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழின் அசல் தேவைப்படும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஸூஷுக்கு எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

புகைப்படம், ஒளிப்பதிவு வெளியிடச் சம்மதமா என்று ஒரு தாளும் வரும். அது உங்கள் விருப்பம். மறுத்தாலும் சேர்க்கைக்குப் பாதிப்பு இல்லை.

4. தேர்வு நாள்

திறமைத் தேர்வு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்வார்கள். ஆசிரியர் கைதட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டச் சொல்வார்கள். பியானோவில் இரண்டு சுரம் தட்டி எது மேலே, எது கீழே என்று கேட்பார்கள். விரல்களையும் கையையும் பார்ப்பார்கள். தமிழ்ப் பாட்டே பாடலாம், எங்கள் மகள் அதைத்தான் பாடினாள்.

ஏற்கெனவே கர்நாடகப் பாட்டு கற்ற பிள்ளையாக இருந்தால் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். ஆசிரியர் "லா" என்று ஒரு சுரத்தைப் பாடித் திருப்பிப் பாடச் சொல்வார். நம் பிள்ளைகள் பழக்கத்தில் கீழிருந்து வளைத்து அந்தச் சுரத்தைத் தொடுவார்கள். கேட்பவருக்குச் சுரம் பிடிபடவில்லையோ என்று தோன்றிவிடும். நேராக, அசையாமல் நிறுத்திப் பாடச் சொல்லி வீட்டில் இரண்டு நாள் பழக்கினால் போதும்.

பிள்ளைக்குச் செக் தெரியாது என்றால் தேர்வறைக்குள் உங்களையும் அனுமதிக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். விண்ணப்பத்தில் இரண்டாவது விருப்ப இசைக்கருவி கேட்டால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். செல்லோவே வேண்டும் என்றால் இரண்டாவது இடத்தில் வயலின் போன்ற கம்பிக் கருவியை எழுதுங்கள். பியானோ என்று எழுதினால் பெரும்பாலும் காத்திருப்போர் வரிசையில்தான் போய் நிற்பீர்கள்.

5. கட்டணமும் அதைக் கட்டும் விதமும்

ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் கட்டணம் குறைவு. மாதக் கணக்கில் பார்த்தால் சில நூறு கொருனாதான் (கொருனா செக் நாணயம்). தனியார் ஆசிரியரிடம் போனால் ஒரே வகுப்புக்கு அவ்வளவு கொடுக்க வேண்டி வரும். பள்ளிக்குப் பள்ளி தொகை மாறும். பெரும்பாலும் அரையாண்டுக்கு ஒரு முறை முன்பணமாக வாங்குவார்கள். முதல் அரையாண்டு செப்டம்பர் முதல் ஜனவரி வரை, அடுத்தது பிப்ரவரி முதல் ஜூன் வரை. நடுவில் நின்றால் பணம் திரும்பாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது "வரியபில்னீ சிம்போல்" என்ற கட்டத்தில் பள்ளி கொடுத்த எண்ணைத் தவறாமல் போடுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இது எந்தப் பிள்ளையின் பணம் என்று கணக்கில் சேர்ப்பார்கள். வெளிநாட்டுக் கணக்கிலிருந்தோ சில செயலிகளிலிருந்தோ அனுப்பினால் அந்தக் கட்டமே இருக்காது. அப்போது குறிப்புப் பகுதியில் அந்த எண்ணையும் பிள்ளையின் பெயரையும் எழுதி, அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். கட்டணம் சேராத பிள்ளையைப் பட்டியலிலிருந்து நீக்கும் உரிமை பள்ளிக்கு உண்டு.

மற்ற செலவுகள்: செல்லோ வாடகை, புத்தகங்கள், வில்லில் தேய்க்கும் ரோசின், கம்பிகள். கம்பி அறுந்தால் ஒன்றுக்கே பல நூறு கொருனா ஆகலாம். நான்கு கம்பிகளில் மிக மெல்லியதான ஏ கம்பிதான் பெரும்பாலும் முதலில் போகும். ஓர் உபரி ஏ கம்பியைப் பெட்டிக்குள் வைத்திருங்கள்.

6. செல்லோவை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்

பிள்ளை வளர வளரச் செல்லோவும் மாற வேண்டும். எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழு அளவு என்று படிப்படியாகப் போகும். அரை அளவை வாங்கினால் இரண்டு மூன்று வருடத்தில் அது சிறிதாகிவிடும். ஊரிலிருந்து கொண்டுவரும் யோசனையையும் விட்டுவிடுங்கள். விமானத்தில் அதற்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். பார்சலில் அனுப்பினால் வழியில் உடையும் ஆபத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கி வரவழைத்தால் செக் நாட்டில் 21% மதிப்புக்கூட்டு வரியும் சேரும்.

முதலில் ஸூஷிலேயே கேளுங்கள். பெரும்பாலும் பள்ளியிடம் சில செல்லோக்கள் இருக்கும், சிறு வாடகைக்குக் கொடுப்பார்கள். சின்ன அளவுகள் சீக்கிரம் போய்விடும். அதனால் தேர்வு முடிவு வந்த உடனே, ஜூன் மாதத்திலேயே, எழுத்தில் கேட்டு வையுங்கள். அங்கே இல்லையென்றால் இசைக்கருவிக் கடைகளிலும் கருவி செய்பவர்களிடமும் மாத வாடகைக்குக் கிடைக்கும். செக் நாட்டின் மேற்கு எல்லையில் லூபி என்ற ஊரே வயலின், செல்லோ செய்வதற்குப் பேர்போனது. அங்கே செய்த பழைய சிறு செல்லோக்கள் நல்ல நிலையில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எதை எடுத்தாலும் ஆசிரியரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகைக்கு எடுக்கும் அன்றே செல்லோவை வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிலும் படம் எடுங்கள். மேல்பலகையில் எஃப் வடிவத் துளைகளின் ஓரம், கழுத்து உடலோடு சேரும் இடம், விளிம்பில் பலகை பிரிந்திருக்கிறதா என்பது, கம்பிகளைத் தாங்கும் பாலம் நேராக நிற்கிறதா என்பது — இவற்றைப் பாருங்கள். விரல் மூட்டால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், பசை விட்ட இடத்தில் மட்டும் சத்தம் படபடவென்று கேட்கும். கண்டதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். முதல் நாள் எடுத்த படம் இருந்ததால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அளவு சரியா என்று பார்க்க: பிள்ளை நாற்காலியின் முன்விளிம்பில், பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார வேண்டும். முட்டிகள் செல்லோவின் இரு பக்கமும் அணைக்க வேண்டும். கீழே உள்ள இடப்பக்க முறுக்காணி இடது காதுக்கு அருகே வர வேண்டும். நாற்காலியும் முக்கியம். சாப்பாட்டு மேசை நாற்காலி சின்னப் பிள்ளைக்கு உயரம். கால் தொங்கினால் முதுகு வளையும்.

குளிர்காலத்தில் இன்னொரு கவலை. வீட்டுச் சூடேற்றி அக்டோபரிலிருந்து ஓடத் தொடங்கும்போது காற்று வறண்டு, மரம் சுருங்கி, முறுக்காணி தானாகக் கழன்றுகொள்ளும். இன்னும் வறண்டால் பலகை வெடிக்கும். ஈரப்பதத்தை 40–60 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி அந்த அறையில் மாட்டுங்கள். செல்லோவைச் சூடேற்றிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வெளியே பனியில் நடந்து வந்த செல்லோவை வீட்டுக்குள் வந்ததும் திறக்காமல், பெட்டிக்குள்ளேயே சிறிது நேரம் விடுங்கள்.

7. செப்டம்பர் முதல் வாரம்

தனி வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பது செப்டம்பர் முதல் நாட்களில் ஆசிரியரோடு நேரில் பேசித்தான் முடிவாகும். முதலில் வருபவருக்கு வசதியான நேரம். பிள்ளையின் பள்ளி அட்டவணை, மற்ற வகுப்புகள், உங்கள் வேலை நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாலை நான்கு, ஐந்து மணி இடங்கள் உடனே போய்விடும். அந்த வாரம் ஊரிலிருந்து திரும்பாமல் இருந்தால், மிஞ்சியதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை என்றைக்கு வகுப்புக்கு வர முடியாது என்பதைப் பள்ளிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். பிள்ளை வராத வகுப்புக்கு மாற்று வகுப்பு பொதுவாகக் கிடைக்காது.

8. இசைப்பாட வகுப்பை விடாதீர்கள்

செல்லோ வகுப்போடு ஹுதெப்னீ நௌகா என்ற குழு வகுப்பு ஒன்று வாரம் ஒரு முறை கட்டாயம். சுரம் எழுதுதல், தாளம், செவிப்பயிற்சி எல்லாம் அதில்தான். செல்லோதான் முக்கியம், இது எதற்கு என்று பல பெற்றோர் அலட்சியமாக இருக்கிறார்கள். இதில் தேறாவிட்டால் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது. வகுப்பு முழுக்கச் செக் மொழியில் நடப்பதால் புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் சிரமம்தான். பாடப் பயிற்சிப் புத்தகத்தைப் பெற்றோரும் கூட உட்கார்ந்து படித்தால் பிள்ளை தப்பித்துவிடும்.

உங்களையும் குழப்பப்போகிற ஒன்று. ஆங்கில முறையில் "பி" என்று சொல்கிற சுரத்தை இங்கே "ஹா" என்கிறார்கள். இங்கே "பே" என்று எழுதியிருந்தால் அது அதைவிட அரைச் சுரம் கீழே. எஃப் ஷார்ப் இங்கே "ஃபிஸ்", ஈ ஃபிளாட் "எஸ்". கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி ஆங்கில முறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் "பே" என்றால், பிள்ளை வீட்டில் தப்பான சுரத்தைச் சாதகம் செய்யும். செயலியின் அமைப்பில் ஜெர்மன் முறை என்று இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். நம் பாட்டு வகுப்பிலிருந்து வருகிற பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பாடுபவர் குரலுக்கு ஏற்ப இங்கே ஸட்ஜம் இடம் மாறாது, "சி" என்றால் எப்போதும் அதே "சி"தான்.

9. வீட்டில் பயிற்சி

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், அது சட்டம். மற்ற நேரத்தில் வாசிக்கலாம். ஆனால் பிராக்கின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் சுவர் மெல்லியது, செல்லோவின் கீழ்ச் சுரங்கள் தரை வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். முதல் வாரமே பக்கத்து வீட்டாரிடம் போய், எந்த நேரம் அவர்களுக்குத் தொந்தரவில்லை என்று கேட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் கேட்டபோது கீழ்வீட்டுப் பாட்டி மாலை ஆறு மணியை அவரே சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் புகார் வரவில்லை.

செல்லோவின் அடியில் இருக்கும் இரும்புக் கூர்முனை மரத்தரையில் குழி போடும். வாடகை வீட்டில் அது முன்பணத்தில் கழியும். நாற்காலிக் காலில் மாட்டும் பட்டையோ, அடியில் வைக்கும் ரப்பர் வட்டோ முதல் நாளே வாங்கிவிடுங்கள். பாய் விரித்து அதன்மேல் குத்தலாம் என்றால் பாயோடு சேர்ந்து செல்லோவும் வழுக்கிக்கொண்டு போகும்.

எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும்? முதல் வருடம் தினமும் இருபது நிமிடம் வாசித்தால் ஆசிரியர்கள் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் வாசிப்பதில் பயனில்லை. ஜாகொவ்ஸ்கா க்னீஷ்கா என்ற சின்னக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வாரமும் ஆசிரியர் எழுதுவதைப் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். கையெழுத்து புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

10. மேடையும் போட்டியும்

வருடத்தில் சில முறை பெஸீட்கா என்ற சிறு நிகழ்ச்சி நடக்கும். பிள்ளை ஒரே ஒரு பாடலை மனப்பாடமாக வாசித்து, தலை வணங்கிவிட்டு வரும். ஆண்டு இறுதியில் அடுத்த வகுப்புக்கான தேர்வும் உண்டு.

நன்றாக வாசிக்கிற பிள்ளைகளை ஆசிரியரே போட்டிக்கு அனுப்புவார். ஸூஷ் மாணவர்களுக்கான தேசியப் போட்டியில் கம்பிக் கருவிகளுக்கான முறை மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். பள்ளிச் சுற்று, வட்டாரச் சுற்று என்று தாண்டித்தான் தேசியச் சுற்றுக்குப் போக முடியும். செல்லோவுக்கென்றே ஊஸ்தி நாட் ஒர்லிட்சி என்ற ஊரில் ஹெரான் போட்டி நடக்கிறது. செல்லோக் கலைஞர் போஹுஷ் ஹெரானின் பெயரில் நடப்பது, சிறு பிள்ளைகளுக்கும் வயதுப் பிரிவு உண்டு. பங்கெடுப்புக் கட்டணம், பியானோ துணை வாசிப்பவர், பயணம், தங்கும் செலவு இவற்றில் எதைப் பள்ளி ஏற்கும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

கேட்பதற்கும் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். ருடோல்ஃபினும் அரங்கில் செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பொது ஒத்திகைகளுக்கு, கச்சேரியைவிடக் குறைந்த விலையில் டிக்கெட் கிடைக்கும். மே மாதத்தில் பிராக் வசந்த விழாவையொட்டி நடக்கும் பன்னாட்டுப் போட்டியில் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். செல்லோ வரும் ஆண்டில் சுற்றுகளைப் பார்வையாளராக உட்கார்ந்து கேட்கலாம். புகழ்பெற்ற ரஷ்யச் செல்லோக் கலைஞர் ரஸ்த்ரபோவிச் இளைஞராக 1950-இல் பரிசு வாங்கியது பிராக்கில் நடந்த செல்லோப் போட்டியில்தான். 2006-இல் செல்லோவில் முதல் பரிசு பெற்ற தொமாஷ் யாம்னீக் இன்று செக் நாட்டின் முன்னணிக் கலைஞர். ஒரே பாடலை இருபது வயதுக்காரர்கள் பலர் அடுத்தடுத்து வாசிப்பதைக் கேட்கும்போது, பிள்ளைக்குத் தானாகவே காது திறக்கும்.

11. கன்சர்வேட்டரி: முடிவை எட்டாம் வகுப்பிலேயே எடுங்கள்

செல்லோவைத் தொழிலாக எடுக்கும் எண்ணம் இருந்தால், ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் கன்சர்வேட்டரிக்குப் போக வேண்டும். படிப்பு 6 ஆண்டு. நாலாவது ஆண்டுக்குப் பிறகு மாட்டுரிதா என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதலாம். ஆறு ஆண்டும் முடித்தால் அப்சொலுடோரியம் என்ற நிறைவுத் தேர்வு. பிராக் கன்சர்வேட்டரி 1808-இல் நிறுவப்பட்டது. செல்லோக் கலைஞரும் இசையமைப்பாளருமான டேவிட் போப்பர் படித்த இடம், இன்று ருடோல்ஃபினுமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிர்னோ, ஒஸ்ட்ரவா, பர்டுபிட்ஸே, பில்ஸென் போன்ற ஊர்களிலும் கன்சர்வேட்டரிகள் உண்டு. அரசுக் கன்சர்வேட்டரியில் படிப்புக் கட்டணம் இல்லை.

மற்ற மேல்நிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் பிப்ரவரியில். திறமைத் தேர்வு உள்ள கன்சர்வேட்டரிகளுக்கு முன்பு நவம்பர் இறுதியிலேயே முடிந்து, தேர்வு ஜனவரி பிற்பாதியில் நடந்தது; இப்போது இந்தத் தேதிகள் மாறியிருக்கலாம்.  பள்ளி ஆலோசகர்கூட நினைவுபடுத்தாமல் விடலாம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கன்சர்வேட்டரித் தளத்தில் அக்டோபரிலேயே பாருங்கள்.

தேர்வில் செல்லோ வாசிப்பு, செவித்திறன், இசைப்பாடம், கொஞ்சம் பியானோ எல்லாம் உண்டு. பியானோவை மறந்துவிடுகிறவர்கள் நிறைய, எனவே ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். அதைவிட முக்கியம் கலந்தாய்வு. தேர்வுக்கு முன்பே, இலையுதிர் காலத்தில், அங்குள்ள செல்லோ ஆசிரியரைச் சந்தித்து வாசித்துக் காட்டுவது இங்கே வழக்கம். கொன்சுல்டாட்சே என்று கேளுங்கள். ஸூஷ் ஆசிரியர் வழியாகப் போவது மரியாதை. பிள்ளையின் நிலை என்ன, எந்த ஆசிரியரிடம் இடம் இருக்கிறது என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தாள்கள்: முந்தைய வகுப்புகளின் மதிப்பெண் சான்றுகள் வேண்டும். சில இடங்களில் மருத்துவர் சான்றும் கேட்பார்கள். பிள்ளை செக் பள்ளியில் படித்திருந்தால் சிக்கலில்லை. ஊரிலோ வேறு நாட்டிலோ படித்த ஆண்டுகள் இருந்தால், அந்தச் சான்றுகளை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் செக் மொழியில் பெயர்த்து வட்ட முத்திரை போட்டுத் தர வேண்டும். தமிழிலிருந்து செக் மொழிக்கு அப்படிப்பட்டவர் கிடைப்பது மிக அரிது. ஊர்ப் பள்ளியில் ஆங்கிலத்திலேயே சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்போஸ்டில் முத்திரையையும் (வெளிநாட்டில் தாள் செல்லுபடியாக அரசு போடும் முத்திரை) இந்தியாவை விட்டுக் கிளம்புமுன் வாங்கிவிட்டால், நடுவில் அசல் தாளைத் தூதஞ்சலில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

12. கலை அகாதெமியும் அதற்குப் பிறகும்

கன்சர்வேட்டரிக்குப் பிறகு பிராக்கில் ஹாமு, பிர்னோவில் யாமு என்ற கலை அகாதெமிகள். ஹாமு, பிராக்கின் மலா ஸ்ட்ரானா பகுதியில் லீஹ்டென்ஷ்டைன் மாளிகையில் இருக்கிறது. அங்கே மார்ட்டினூ அரங்கில் மாணவர் கச்சேரிகளை இப்போதே போய்க் கேட்கலாம். இளங்கலை 3 ஆண்டு, முதுகலை 2 ஆண்டு. செக் மொழி வழியில் படித்தால் எந்த நாட்டவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. ஆங்கில வழி என்றால் கணிசமான கட்டணம். சின்ன வயதில் பிள்ளை செக் கற்றுக்கொள்வதன் பலன் இங்கே பணமாகவே கைக்கு வரும். விண்ணப்பக் கெடு மற்ற பல்கலைக்கழகங்களைவிட வெகு முன்னதாக வரும் என்பதை மறக்காதீர்கள்.

வேலை பற்றி நேராகவே சொல்கிறேன். இசைக்குழுவில் இடம் போட்டித் தேர்வு வழியாகத்தான் கிடைக்கும், இடங்கள் குறைவு. நல்ல கலைஞர்கள் பலர் இசைக்குழு, நால்வர் குழு, ஸூஷ் ஆசிரியர் பணி மூன்றையும் சேர்த்தே பிழைப்பு நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளையின் ஆசிரியரும் அப்படித்தான் இருக்கக்கூடும். அதில் குறை ஒன்றும் இல்லை. நேற்று இரவு மேடையில் வாசித்தவர் இன்று மாலை உங்கள் பிள்ளையின் வில்லைத் திருத்துகிறார் என்பதுதான் இந்த நாட்டின் பலம்.

13. வீடு மாறினால், நாடு திரும்பினால்

பிராக்கிலேயே வேறு பகுதிக்கோ வேறு ஊருக்கோ மாறினால் புதிதாகத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஒரு ஸூஷிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றல் கேட்கலாம், அதற்கு ப்ஷெஸ்டுப் என்று பெயர். புதிய பள்ளியில் செல்லோ ஆசிரியருக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு அந்தப் பள்ளி முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பழைய பள்ளியை விட்டு நிற்பதாக முன்னமே எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

பெற்றோரின் வேலை முடிந்து குடும்பம் நாடு திரும்பும்போது பிள்ளை மட்டும் கன்சர்வேட்டரியில் தொடர விரும்பினால், அதன் வசிப்பு அனுமதி குடும்பக் காரணத்திலிருந்து படிப்புக் காரணத்துக்கு மாற வேண்டும். உள்துறை அமைச்சக அலுவலகத்தில் உங்கள் அனுமதி காலாவதியாகும் முன்பே இதைத் தொடங்குங்கள். பதினெட்டு நிறையாத பிள்ளைக்குப் பொறுப்பாளர், மாணவர் விடுதி இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

எல்லோரும் ஒன்றாகத் திரும்புவதாக இருந்தால், வாடகைச் செல்லோவைக் கொடுக்கும் அன்று ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கி, முன்பணத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஜூன் மாதச் சான்றிதழ்களின் அசலை அலுவலகத்திலிருந்து மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாடல்கள், எந்தப் பயிற்சிகள் வரை முடிந்தது என்று ஆசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அடுத்த ஊரில் யார் கற்றுக்கொடுத்தாலும் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்வார்.